வைத்தியை ஏன் பிடிக்கிறது?

உங்களிடம் ஒரு கேள்வி. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வருகிற ஆட்களில் யாரை உங்கள் வீட்டு வாசல்படி ஏற விடமாட்டீர்கள்?

சிக்கல் சண்முகசுந்தரம்? முன்கோபக்காரர்தான். ஆனாலும் பரவாயில்லை, ஒரு காபி கொடுத்து உட்கார வைக்கலாம். மோகனாவின் அம்மா வடிவாம்பாள்? பணத்தாசை கொஞ்சம் ஜாஸ்தி. போகட்டும், பெண்ணைப் பெற்றவள். சவடால் வைத்தி? ஊஹும்! கேட்டையே திறக்கக் கூடாது. உள்ளே விட்டால் அரை மணி நேரத்தில் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சண்டை மூட்டிவிட்டு, இருவரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சரி, அடுத்த கேள்வி. அதே படம் ஞாயிற்றுக்கிழமை டி.வி-யில் ஓடுகிறது. யார் தலை தெரிந்ததும் சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஹாலுக்கு ஓடி வருகிறீர்கள்?

அதே வைத்தி!

வாசலில் துரத்துகிற ஆளை டி.வி-க்குள் மட்டும் இப்படிக் கொண்டாடுகிறோமே, ஏன்? அதிலும் கலைத்தொழிலைப் பற்றிய காமெடி என்றால் இது கட்டாயம் நடக்கிறது. மேடையையும் சினிமாவையும் வைத்துச் சிரிக்க வைத்த எந்தக் கதையை எடுத்தாலும் நடுவே ஒரு தற்பெருமைக்காரன், பேராசைக்காரன் அல்லது வாய்த்துடுக்கு ஆசாமி உட்கார்ந்திருப்பான். நமக்கு மனசில் நிற்பதும் அவன்தான்.

இதற்குப் பதில் தேடி ஹாலிவுட்டுக்கெல்லாம் போக வேண்டாம். கடற்கரை ஸ்டேஷனில் தாம்பரம் மின்சார ரயிலைப் பிடித்து, பல்லாவரத்தில் இறங்கினால் போதும்.

பல்லாவரத்தில் ஒரு குன்று இருக்கிறது. அதில் ஒரு குகை. இன்று அது தர்கா. குடைந்தது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். அவனுடைய பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மகேந்திரனுக்குப் பட்டங்கள் என்றால் கொள்ளை ஆசை. விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன்... என்று நீளும். இந்தக் கடைசிப் பெயரில் அவன் ஒரு நாடகமே எழுதினான். 'மத்தவிலாசப் பிரகசனம்'. பிரகசனம் என்றால் நையாண்டி நாடகம். சமஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்தது. 1917-ல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் இந்தக் கதையை நடித்துவந்திருக்கிறார்கள்.

நாடகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? சூத்திரதாரன் மேடைக்கு வருகிறான். நம் பாஷையில் நாடகக் கம்பெனி மேனேஜர். அவனுக்கு வீட்டில் பிரச்னை. இளையவள் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டதால் மூத்தவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளும் நடிகை. எப்படிச் சமாதானம் செய்வது? அந்த நேரத்தில்தான் புது நாடகம் போடும் வாய்ப்பு வந்திருக்கிறது. அதைக் காட்டி அவளைக் குளிரவைக்கப் பார்க்கிறான்!

ஆக, நம் பக்கத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய நையாண்டி நாடகம், ஷோ பிஸினஸ் ஆசாமி ஒருவனின் அல்பத்தனத்தில்தான் தொடங்குகிறது. வயது சுமார் 1,400 வருடம்.

அப்புறம் வருகிறவர்கள் இவனைவிட மோசம். சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் காஞ்சிபுரம் தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார்கள். பிச்சை வாங்கும் கபாலம், அதாவது மண்டையோட்டுப் பாத்திரம், தொலைந்துபோகிறது. வழியில் வந்த புத்த பிட்சு நாகசேனன் மேல் பழி. பிட்சுவும் லேசுப்பட்டவர் இல்லை. சாப்பாட்டை அனுமதித்த புத்தர், மதுவையும் மாதுவையும் மட்டும் எதற்காகத் தடுத்தார் என்று மனசுக்குள் புழுங்குகிறவர். பஞ்சாயத்துப் பண்ண வருகிற பாசுபதன் பழைய கணக்குத் தீர்க்கப் பார்க்கிறான். கடைசியில் கபாலத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து அதைப் பிடுங்கியவன் ஒரு பைத்தியக்காரன். பாத்திரம் கிடைத்ததும் எல்லோரும் ராசியாகிக் கலைகிறார்கள்.

மொத்த நாடகத்திலும் ஒரு நல்லவன் கிடையாது! யாரும் திருந்தவும் இல்லை. ஆனாலும் அந்தக் குடிகாரனை நமக்குப் பிடித்துப்போகிறது. ஏன்? அவன் எதையும் மறைப்பதில்லை. சாமி பேரைச் சொல்லிக் குடிக்கிறான். குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டே குடிக்கிறான். போதாக்குறைக்கு அவன் தேடுவது ஒரு ஓட்டுப் பாத்திரம். அதற்காகக் காஞ்சி நகரத்தையே இரண்டாக்குகிறான்.

இன்னொன்றும் கவனியுங்கள். வழக்கு மன்றத்துக்குப் போகலாம் என்று பேச்சு வருகிறது. உடனே காபாலிகன் கோஷ்டி சொல்கிறது: 'இந்த பிட்சுவிடம் விகாரத்துப் பணம் கொட்டிக்கிடக்கிறது. அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவான். எங்களிடம் என்ன இருக்கு?' அந்த மன்றம் யாருடையது? நாடகம் எழுதிய ராஜாவுடையது! தன் கச்சேரியில் லஞ்சம் என்று தன் நாடகத்திலேயே ஒரு குடிகாரனை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறான் மகேந்திரன். இதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவிழ்க்கலாம்.

ராஜாக்கள் போனார்கள். அரண்மனை நாடகங்களும் போயின. ஆனால், தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் தெருக்கூத்து உண்டு. அதில் கட்டியக்காரன் உண்டு. துரியோதன மகாராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவது அவன் வேலை. கூறிவிட்டு, அந்த மகாராஜாவையே நக்கலடிப்பதும் அவன் வேலை. மகாராஜா கையில் கதாயுதம் இருக்கும். கட்டியக்காரனிடம் வாயைத் தவிர ஒன்றும் கிடையாது. எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவனும் அவன்தான். இந்த ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு சினிமாவுக்கு வருவோம்.

கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அதே பாதையில் கோடம்பாக்கமும் ஒரு ஸ்டேஷன். பின்னாளில் ஸ்டூடியோக்கள் அந்தப் பக்கம் முளைத்தபோது, தமிழ் சினிமாவுக்கே அதுதான் வாசல். தெற்கேயிருந்து சினிமா ஆசையோடு கிளம்பியவர்களில் எத்தனையோ பேர் இந்தப் பாதை வழியாகத்தான் பட்டணத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

தாம்பரம் தாண்டி செங்கல்பட்டில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த இரண்டு சிநேகிதர்கள் அப்படிக் கிளம்பியவர்கள்தான். ஒருவர் ஸ்ரீதர். இன்னொருவர் சித்ராலயா கோபு. இருவரும் சேர்ந்து 1964-ல் கொடுத்த படம் 'காதலிக்க நேரமில்லை'. அதில் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' அதிபர் செல்லப்பாவாக வந்தவர் நாகேஷ். சினிமாவுக்கு வருவதற்கு முன் அவர் ரயில்வேயில் குமாஸ்தா!

செல்லப்பாவைச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்பா காசில் படம் எடுக்கத் துடிக்கும் வெட்டிப்பயல். ஹீரோயின் ஆக்குகிறேன் என்று ஒரு பெண்ணுக்கு ஆசை காட்டுகிறான். கையில் கதை கிடையாது, பணம் கிடையாது. கம்பெனி பெயர் மட்டும் ஓஹோ! நிஜத்தில் இப்படி ஒருவன் உங்கள் பெண்ணிடம் பேசினால் போலீஸுக்குப் போவீர்கள். ஆனால் அப்பா பாலையாவை உட்கார வைத்து அவன் பேய்க்கதை சொல்லும் காட்சி இருக்கிறதே... கதவு கிறீச்சிடுவதிலிருந்து எல்லா சத்தத்தையும் வாயாலேயே போட்டு, பாலையா முகம் வெளிறிப்போக, நாம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் செல்லப்பா ஏமாற்றுக்காரன் இல்லை. தன் கதையைத் தானே நம்புகிற கலைஞன். அவன் முதலில் ஏமாற்றியது தன்னைத்தான்!

நாலு வருடம் கழித்து, 1968-ல், வைத்தி வருகிறார். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். செல்லப்பாவைப்போல வைத்தி அப்பாவி இல்லை. நாட்டியமாடும் மோகனாவைப் பணக்காரர்களுக்குக் கைகாட்டப் பார்க்கும் தரகர். மைனர் சரிப்படவில்லையா, மகாராஜா இருக்கிறார்! கலை, கச்சேரி, சன்மானம் என்று கௌரவமாகப் பேசிக்கொண்டே அவர் விலை பேசுவது ஒரு பெண்ணை. அந்தக் காலத்துச் சதிர் உலகத்தில் இது கற்பனை இல்லை. தேவதாசி முறையைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டு ஒழித்ததே 1947-ல்தான்.

இப்படி ஒருவரைப் பார்த்துச் சிரிக்கலாமா? நியாயமான கேள்வி. படத்தைக் கொஞ்சம் கவனித்தால் விடை இருக்கிறது. மைனருக்கும் மகாராஜாவுக்கும் அதே ஆசைதான். ஆனால் அவர்கள் பட்டு அங்கவஸ்திரம் போட்டு அதை மூடிக்கொள்கிறார்கள். வைத்திக்கு மூடிக்கொள்ளத் துணி இல்லை. காசு வாடை வந்த பக்கம் உடம்பு தானாக வளைகிறது. கும்பிடு தானாக விழுகிறது. பெரிய மனிதர்கள் அழகாக மறைத்து வைத்திருப்பதை வைத்தியின் முதுகெலும்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. முக்கியமாக, அவர் போட்ட திட்டம் ஒன்றுகூடத் தேறவில்லை. மோகனா சண்முகசுந்தரத்தைத்தான் கட்டிக்கொள்கிறாள். ஒருவேளை வைத்தி ஜெயித்திருந்தால்? ஒருவருக்கும் சிரிப்பு வந்திருக்காது. அதே நாகேஷ், அதே நடை, அதே குழைவு... வயிற்றைப் புரட்டியிருக்கும்.

விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கெட்டவனை நாம் ரசிப்பது அவன் கெட்டவன் என்பதற்காக அல்ல. நமக்குள்ளும் இருக்கிற அற்ப ஆசையை அவன் வெட்கமில்லாமல் வெளியே எடுத்துப் போடுகிறான்; அதற்கான விலையையும் அவனே கொடுக்கிறான். சிரிப்பின் பில்லை அவனே கட்டுகிறவரை அவன் நம்ம ஆள்!

1989-ல் வந்த கங்கை அமரனின் 'கரகாட்டக்கார'னை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் கோஷ்டி. அதில் தவில்காரர் கவுண்டமணி. எடுத்ததற்கெல்லாம் செந்திலை அடிக்கிறார், உதைக்கிறார், திட்டுகிறார். நிஜ வாழ்க்கையில் இப்படி ஒரு சீனியரிடம் நீங்கள் ஒரு வாரம் வேலை பார்க்க மாட்டீர்கள். ஆனால் தமிழ்நாட்டுக்கே மனப்பாடமான அந்த வாழைப்பழக் காட்சியில் ஜெயித்தது யார்? செந்தில்! அடித்தவர் தொண்டை வறண்டு, ஊரைக் கூட்டி நியாயம் கேட்டு, தோற்று நிற்கிறார். அதே மாதிரி அந்தக் கார். கெத்துக் காட்ட வாங்கிய கார், கடைசியில் அவரைத்தான் தெருவில் மானம் வாங்குகிறது. பெரிய வித்வான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அதிகாரம் பண்ண உலகத்திலேயே ஒரே ஒரு செந்தில்தான் கிடைத்தார் என்பது சிரிப்புக்கு அடியில் இருக்கும் சோகம்.

இதில் ஒன்றை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். இந்த ஜோடியின் எத்தனையோ படங்களில் செந்திலின் நிறத்தையும் தலையையும் உடம்பையும் வைத்து வந்த வசவுகள் இன்றைக்குக் கேட்டால் உறுத்துகின்றன. உறுத்த வேண்டியதுதான். அங்கே பில் கட்டினது அடித்தவர் இல்லை, அடி வாங்கினவர்.

இப்போது டி.வி-க்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அப்புறம் தொண்ணூறுகளில் கேபிள் வந்தது, தனியார் சேனல்கள் வந்தன. மேடவாக்கத்திலும் சேலையூரிலும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் ஓடியது. வீட்டுக்குள்ளேயே நாள் பூரா சினிமா! ஒரே பன்ச் டயலாக்கை, ஒரே ஹீரோ நடையை நூறு தடவை பார்த்துவிட்ட ஜனங்களுக்கு ஒருகட்டத்தில் என்ன ஆகும்? சிரிப்பு வரும்.

2003-ல் விஜய் டி.வி-யில் 'லொள்ளு சபா' வந்தது. இயக்குநர் ராம்பாலா. ஒவ்வொரு வாரமும் ஒரு பிரபல படத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். சுவாமிநாதன், மனோகர், சேஷு என்று ஒரு பட்டாளம். ஆரம்ப வருடங்களில் நடுநாயகமாக நின்றவர் சந்தானம். ஊர் எது தெரியுமா? பொழிச்சலூர்! மகேந்திரவர்மன் குகை குடைந்த பல்லாவரத்துக்கு அடுத்த ஊர். கல்வெட்டுக்கும் காமெடிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத மாட்டேன். ஆனாலும் நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

'லொள்ளு சபா' ஹீரோ நல்லவன் இல்லை. பீற்றல் பேர்வழி. சவால் விடுவான், உதை வாங்குவான். தியாகம் என்பான், அல்பத்துக்கு அடித்துக்கொள்வான். அசல் படத்தில் ஸ்லோ மோஷனில் நடந்து வந்த வீரத்தை, சாதாரண வெளிச்சத்தில் நடக்கவிட்டுக் காட்டினார்கள். கேலி யாரைப் பார்த்து? கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களை, கட்-அவுட்டை, பாலாபிஷேகத்தை. கட்டியக்காரன் துரியோதனனைக் கலாய்த்த அதே ஏற்பாடு. கீழேயிருந்து மேலே!

அங்கேயிருந்து அந்த பாணி பெரிய திரைக்குப் போனது. சந்தானத்துக்கு 2004-ல் 'மன்மதன்' வாசலைத் திறந்தது. 2010-ல் 'தமிழ்ப் படம்' முழுநீளப் பகடியாகவே வந்து ஓடியது. ஆனால் இன்னொரு மாற்றமும் கூடவே நடந்தது. டி.வி-யில் நட்சத்திரத்தைக் கடித்த வாய்த்துடுக்கு, சினிமாவில் நட்சத்திரத்தின் தோழன் ஆனது. தோழனாகிவிட்டபின் ஹீரோவைக் கடிக்க முடியுமா? கடிக்க வேறு ஆள் வேண்டும். கிடைத்தார்கள். குண்டாக இருக்கும் பெண், கறுப்பாக இருக்கும் நண்பன், திக்கிப் பேசுகிறவர், வயதானவர். ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தக் காலகட்டத்துத் தமிழ் காமெடியில் பெரும்பகுதி அப்படித்தான் இருந்தது. தியேட்டரில் நாமும் கைதட்டினோம்.

வாய்த்துடுக்கு மாறவில்லை. ஆனால் பேசுகிறவன் இப்போது தோற்பதில்லை. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஜெயிக்கிறான். பில் மட்டும் வேறு யாரோ பெயருக்குப் போய்விடுகிறது.

உலகத்தில் வேறு இடத்திலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அமெரிக்காவில் 1992 முதல் 1998 வரை 'தி லாரி சாண்டர்ஸ் ஷோ' என்று ஒரு டி.வி. காமெடி வந்தது. டி.வி. நிகழ்ச்சி நடத்துகிற ஒருவரின் மேக்கப் அறைக்குள் கேமராவை நுழைத்தார்கள். லாரி தற்பெருமைக்காரர், கூடவே பயந்தாங்கொள்ளி. அவருடைய உதவியாளர் ஹாங்க், விளம்பரத் துட்டுக்கு எதையும் விற்பார். நம்ம வைத்தியின் ஒன்றுவிட்ட தம்பி! இருவரும் ஒவ்வொரு வாரமும் தங்கள் அல்பத்தனத்துக்குத் தாங்களே மாட்டிக்கொண்டு விழித்தார்கள். நம்ம ஊரில் 2008-ல் வந்த 'வெள்ளித்திரை'யில் பிரகாஷ்ராஜ், நண்பனின் கதையைத் திருடி சூப்பர் ஸ்டார் ஆகிற துணை நடிகர். 2005-ல் வந்த மலையாள 'உதயனாணு தாரம்' படத்தின் ரீமேக். திருடனை ஏன் ரசித்தோம்? தன்னுடைய நட்சத்திரப் பெயரைத் தானே தூக்கிச் சுமக்கத் திணறுகிறானே, அதற்காக.

இப்போது அந்த முடிச்சை அவிழ்க்கலாம். மகேந்திரவர்மன் ராஜா. நினைத்திருந்தால், காஞ்சிபுரத்தில் ஒரு ஏழை நெசவாளியையோ, ஊனமுற்றவரையோ மேடையேற்றிச் சபையைச் சிரிக்க வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் அவன் கேலி செய்ய எடுத்துக்கொண்டது மடாதிபதித்தனத்தையும் போலிச் சாமியார்களையும் தன் சொந்த நியாயசபையையும். மேலே பார்த்துச் சிரித்தால்தான் குடிகாரனும் நம்மவனாவான் என்ற சூட்சுமம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் டி.வி-யில் கேட்டதைத்தான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பையனிடம் சொல்கிறார்கள். வைத்தி மாதிரி கும்பிட்டுக் காட்டினால் வகுப்பே சிரிக்கும், ஒருவருக்கும் வலிக்காது. இன்னொரு வகை டயலாக்கைச் சொன்னால், ஒரு பையன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பான்.

ஆகவே அடுத்த தடவை டி.வி-யில் ஒரு மோசமான ஆசாமியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும்போது, விளம்பர இடைவேளையில் ஒரே ஒரு நிமிஷம் யோசியுங்கள். பில் யார் கட்டுகிறார்? அவனே கட்டுகிறான் என்றால் தாராளமாகச் சிரியுங்கள்; அது 1,400 வருடத்துச் சிரிப்பு.

வைத்தியை மட்டும் எதற்கும் வீட்டுக்குள் விடாதீர்கள். அவர் டி.வி-க்குள்ளேயே இருக்கட்டும். எல்லோருக்கும் அதுதான் நல்லது!